ஹாரோகேட்: இங்கிலாந்தின் கந்தகச் சுனை நகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரோகேட் எங்கே இருக்கிறது? அது எத்தகைய ஊர்?

இங்கிலாந்தின் வடபகுதியில், வட யார்க்‌ஷயர் மாவட்டத்தில், லீட்ஸ் நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கே, யார்க் நகரத்திலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் மேற்கே, மேட்டு நிலத்தில் அமைந்துள்ள நடுத்தர அளவுள்ள நகரம் ஹாரோகேட். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதன் பெயர் நிலத்தடியிலிருந்து ஊறிவரும் நீரோடு சேர்ந்தே பேசப்பட்டு வந்திருக்கிறது. துறைமுகமோ பெரிய ஆலையோ இல்லாத அந்த ஊர் வளர்ந்ததற்குக் காரணம் அந்த நீர்தான். இரும்புச் சத்துள்ள நீர், கந்தக நீர், உப்பு மிகுந்த நீர் எனப் பலவகை ஊற்றுகள் நடந்தே கடக்கக்கூடிய சிறு பரப்புக்குள் இருப்பது அதன் தனிச்சிறப்பு.

இங்கிலாந்தில் ஸ்பா நகரம், அதாவது மருத்துவச் சுனை நகரம், என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாத் நகரம். அங்கே ரோமானியர் காலக் குளியல் மண்டபமும் இயற்கையாகவே வெந்நீராக வரும் ஊற்றும் இருக்கின்றன. ஹாரோகேட்டில் ரோமானியச் சின்னங்கள் இல்லை. ஊற்று நீரும் குளிர்ந்த நீர்தான். ஆயினும், ஒரு நீரூற்று எவ்வாறு ஒரு நகரமாக வளர்கிறது, அந்த நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு மக்கள் எவ்வாறு விடை கண்டார்கள் என்பதை அறிய விரும்புவோருக்கு, பாத் நகரத்தைவிட ஹாரோகேட்டின் வரலாறே கூடுதலாகக் கற்றுத்தரும் என்பது எங்கள் கருத்து.

ஸ்பா என்ற சொல் எப்படி வந்தது?

பெல்ஜியம் நாட்டின் லியேஜ் பகுதியில் ஸ்பா என்ற பெயரிலேயே ஓர் ஊர் உள்ளது. அவ்வூரின் இரும்புச் சத்துள்ள ஊற்றுகளைத் தேடி ஐரோப்பாவின் செல்வர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே சென்றுவந்தார்கள். நாளடைவில் அந்த ஊர்ப்பெயரே மருத்துவ நீருள்ள எல்லா ஊர்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. டிமதி பிரைட் என்ற மருத்துவர் 1596 வாக்கில் ஹாரோகேட் ஊற்றை ஆங்கிலேய ஸ்பா என்று குறிப்பிட்டார். இங்கிலாந்தில் ஓர் ஊற்றுக்கு அந்தச் சொல் வழங்கப்பட்டது அப்போதுதான் முதல்முறை என்று கருதப்படுகிறது.

முதல் ஊற்றைக் கண்டறிந்தவர் யார்?

வில்லியம் ஸ்லிங்ஸ்பி என்பவர் 1571ஆம் ஆண்டில் கண்டறிந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அவர் இளமையில் ஐரோப்பாவில் பயணம் செய்து, ஸ்பா ஊரின் நீரைக் குடித்துப் பழகியவர். ஹாரோகேட் அருகே பொதுநிலத்தில் இருந்த ஓர் ஊற்றின் நீரைச் சுவைத்தபோது, அதே இரும்புச் சுவையை நாக்கு அடையாளம் கண்டுகொண்டது. ஊற்றைச் சுற்றிக் கல் பாவிச் சுவர் எழுப்பச் செய்தார்.

அந்த ஊற்றுக்கு டியூவிட் கிணறு என்று பெயர். டியூவிட் என்பது அவ்வட்டார வழக்கில் ஒரு பறவையின் பெயர். நம் வயல்வெளிகளில் கத்திக்கொண்டு திரியும் ஆள்காட்டிக் குருவிக்கு நெருங்கிய உறவான பறவை அது. அந்தப் பறவைகள் ஊற்றைச் சூழ்ந்து மேய்ந்துகொண்டிருந்ததால் இப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். யார்க் நகர மருத்துவர் எட்மண்ட் டீன் 1626இல் இந்த நீரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1631இல் மைக்கேல் ஸ்டான்ஹோப் என்ற மருத்துவர் அருகிலேயே மற்றோர் இரும்பு ஊற்றைக் கண்டறிந்தார். அது இன்று புனித ஜான் கிணறு எனப்படுகிறது. எழுத்தில் வந்த இந்தச் செய்திகளால்தான் ஊர்ப்பெயர் யார்க்‌ஷயருக்கு வெளியே பரவியது.

இரும்பு நீரும் கந்தக நீரும் ஒரே ஊரில் எப்படிக் கிடைக்கின்றன?

ஹாரோகேட்டுக்கு அடியில் பழம் பாறை அடுக்குகள் வில்போல் வளைந்து மேலெழும்பி, இடையிடையே பிளந்தும் கிடக்கின்றன. ஆழத்திலிருந்து வரும் உப்பு நீரும் மேல்மட்டத்தில் ஊறும் மழைநீரும் வெவ்வேறு பாறைகளைத் தொட்டு, வெவ்வேறு வழிகளில் வெளியேறுகின்றன. அதனால் பத்தடி தள்ளியிருக்கும் இரண்டு ஊற்றுகளின் நீர்கூடச் சுவையில் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேல்லி கார்டன்ஸ் என்ற பூங்காவுக்குள் இருக்கும் போக்ஸ் ஃபீல்டு என்னும் சிறிய திடலில் மட்டும் 36 ஊற்றுகள் கணக்கிடப்பட்டுள்ளன.

மேட்டுப் பகுதியான ஹை ஹாரோகேட்டில் இரும்பு நீர். பள்ளப் பகுதியான லோ ஹாரோகேட்டில் கந்தக நீர். நெடுங்காலம் இவை இரண்டும் தனித்தனிச் சிற்றூர்களாகவே இருந்தன. இடையில் கிடந்த நிலத்தில் 1860ஆம் ஆண்டுக்குப் பின் வீதிகளும் கடைகளும் எழுந்த பிறகுதான் இன்று நாம் காணும் ஒற்றை நகரம் உருவானது. 1884இல் அதற்கு நகராட்சி உரிமை கிடைத்தது.

கந்தக நீரின் மணமும் சுவையும் எப்படி இருக்கும்?

அழுகிய முட்டையின் நாற்றம் என்பதே எல்லோரும் சொல்லும் ஒப்புமை. நீரில் கரைந்துள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவே அதற்குக் காரணம். அதோடு சமையல் உப்பும் நிறைந்திருப்பதால் வாயில் வைத்தவுடன் கடுமையாகக் கரிக்கும். 1697இல் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி வந்த சீலியா ஃபைன்ஸ் என்ற பெண்மணி, நாற்றம் தாங்காமல் தம் குதிரை கிணற்றின் அருகே வர மறுத்ததைத் தம் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். குதிரை மறுத்த நீரை அவர் மறுக்கவில்லை. இரண்டு நாள் காலையில் தொடர்ந்து குடித்தார்.

மக்கள் இந்த நீரை எப்படிப் பயன்படுத்தினார்கள்? நோய்கள் உண்மையிலேயே தீர்ந்தனவா?

தொடக்க காலத்தில் கிணற்றடியில் நின்று குடிப்பதும், விடுதிக்குப் பீப்பாயில் நீரைக் கொண்டுவரச் செய்து, சூடாக்கி, மரத்தொட்டியில் நிரப்பிக் குளிப்பதும்தான் வழக்கம். தோல் நோய், மூட்டுவலி, மலச்சிக்கல், செரியாமை ஆகியவற்றோடு வந்தவர்களே மிகுதி. பிற்காலத்தில் இது ஒழுங்கான முறையாக மாறியது. மருத்துவர் எழுதித்தந்த அளவின்படி, காலை உணவுக்கு முன் வெறும் வயிற்றில் ஒரு குவளை குடிப்பார்கள்; சற்று நடப்பார்கள்; மறுபடியும் ஒரு குவளை. பிறகு குளியல், ஓய்வு, மாலையில் இசை.

கிணற்றடியில் நீர் மொண்டு கொடுத்த பெண்களில் பெட்டி லப்டன் என்பவரின் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வேலையைச் செய்து, கிணறுகளின் அரசி என்று பெயரெடுத்து, 1843இல் மறைந்தார். வந்துபோன பிரபுக்களின் பட்டியலைவிட இந்த ஒரு பெண்ணின் உழைப்பே அந்த ஊரின் வரலாற்றை நன்கு விளக்குகிறது.

நோய் தீர்ந்ததா என்ற கேள்விக்கு நேர்மையான விடை இதுதான். உப்பு மிகுந்த நீர் வயிற்றைக் கழியச் செய்யும். கந்தகம் சில தோல் நோய்களுக்குக் களிம்பாக இன்றும் பயன்படுகிறது. குருதியில் இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு இரும்பு நீர் ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் அக்காலத்து விளம்பரங்கள் அடுக்கிய நோய்கள் அத்தனையும் அந்த நீரால் குணமாகும் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. மதுவையும் கொழுப்புணவையும் குறைத்து, விடியலில் எழுந்து, திறந்த வெளியில் நாள்தோறும் நடந்த அந்தச் சிகிச்சை வாரங்களுக்கும் நோயாளிகள் பெற்ற நலத்தில் பெரும்பங்கு இருந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரே என்று சொல்லப்படும் புல்வெளி என்ன? ஏன் அதை அவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

ஹாரோகேட்டின் வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

பழங்காலத்தில் இப்பகுதி முழுவதும் நேர்ஸ்பரோ காடு என்ற பெயரில் அரச வேட்டைக்காடாக இருந்தது. அதில் ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் சுற்றுவட்டாரத்து மக்களுக்கு உரிமை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து முழுவதும் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. ஏழைகளின் மேய்ச்சல் உரிமைகள் பல ஊர்களில் ஒரேயடியாகப் பறிபோயின. நேர்ஸ்பரோ காட்டுக்கும் 1770இல் அப்படியொரு சட்டம் வந்தது.

அப்போது ஹாரோகேட்டின் ஊற்றுகள் பொதுநிலத்தில்தான் இருந்தன. நிலம் தனியார் கைக்குப் போனால் கிணற்றைச் சுற்றி வேலி எழும், நீருக்கு விலை வைக்கப்படும், வருவோர் நின்றுவிடுவார்கள் என்ற அச்சம் ஊராருக்கும் விடுதிக்காரர்களுக்கும் இருந்தது. அவர்கள் முறையிட்டதன் பயனாக, ஊற்றுகளைச் சுற்றியுள்ள 200 ஏக்கர் நிலம் என்றென்றும் வேலியிடப்படாமல் திறந்தே இருக்க வேண்டும், எவராயினும் எந்நேரமும் தடையின்றி வந்து ஊற்று நீரைக் குடிக்கலாம் என்ற விதி அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1778இல் நிலம் அளந்து எல்லை குறிக்கப்பட்டது. அதுவே ஸ்ட்ரே.

விடுதிக்காரர்கள் தங்கள் வருமானத்தை எண்ணித்தான் முறையிட்டார்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் எழுதப்பட்ட விதி அவர்களுக்கு மட்டும் உரியதாக அமையாமல் எல்லா மனிதருக்கும் உரியதாக அமைந்தது. அந்த விதியின் பயனை இருநூற்றைம்பது ஆண்டுகளாக எத்தனையோ தலைமுறைகள் அனுபவித்து வருகின்றன. நகரின் தெற்கிலும் கிழக்கிலும் வளைந்து கிடக்கும் அந்தப் புல்வெளியில் இன்றும் வேலி கிடையாது. இருபுறமும் மரவரிசை, நடுவே நடைபாதை, வசந்தத்தில் தரையெங்கும் குரோக்கஸ் பூக்கள். ரயில் பாதை நகரத்தின் நடுவுக்கு வந்த 1862இல், அது புல்வெளியின் பரப்பைக் கெடுக்காதபடி பள்ளம் வெட்டி அதற்குள் இறக்கப்பட்டது.

இந்த நிலம் இப்போது யார் பொறுப்பில் உள்ளது?

உரிமை அரச குடும்பத்தின் லங்காஸ்டர் டச்சி நிறுவனத்திடம் உள்ளது. பராமரிப்பு உள்ளாட்சி மன்றத்திடம். நடைமுறைகளை 1985ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துத் தருகிறது. ஊரார் இன்றும் இதில் கண்ணும் கருத்துமாக இருக்கிறார்கள். 2019இல் உலகச் சாலை சைக்கிள் பந்தயப் போட்டிகள் நடந்தபோது, கடும் மழையில் கூட்டம் மிதித்து ஸ்ட்ரேயின் ஒரு பகுதி சேறாகிப்போனது. புல் மறுபடி வளரும்வரை அது ஊரின் பெரும் பேச்சாக இருந்தது.

கிணற்றுக்காக ஊரில் வழக்கு நடந்தது என்கிறார்களே, அது என்ன?

நிலம் காக்கப்பட்டுவிட்டாலும், நிலத்துக்கு அடியில் ஓடும் நீர் காக்கப்படவில்லை என்பது 1835இல் தெரியவந்தது. கிரவுன் விடுதியின் உரிமையாளரான ஜோசப் தாக்ரே, லோ ஹாரோகேட்டில் இருந்த பொதுக் கிணறான பழைய கந்தகக் கிணற்றுக்கு மிக அருகில், தமக்குச் சொந்தமான கட்டடத்துக்குள் ஆழமாக ஒரு கிணறு தோண்டத் தொடங்கினார். பொதுக் கிணற்றின் ஊற்று அவர் பக்கம் இழுக்கப்பட்டுவிடும் என்று அஞ்சிய மற்ற விடுதிக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1837இல் யார்க் நீதிமன்றத்துக்கு வந்த அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஒருவர் தம் சொந்த நிலத்தில் தோண்டுவதைத் தடுக்கச் சட்டத்தில் தெளிவான இடமில்லை என்பதை ஊரார் உணர்ந்துகொண்டதே அவ்வழக்கின் பெரிய விளைவு. 1841இல் ஹாரோகேட் மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்கள் கிணறுகளைக் காக்கவும், ஊரின் சாலை, விளக்கு, துப்புரவு ஆகியவற்றைக் கவனிக்கவும் அதிகாரம் பெற்றார்கள். ஹாரோகேட்டின் உள்ளாட்சி அமைப்பே ஒரு கிணற்றைக் காப்பதற்காகப் பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ராயல் பம்ப் ரூம் என்பது என்ன? உள்ளே என்ன பார்க்கலாம்?

மேற்சொன்ன ஆணையர்கள் கட்டிய முதல் பெரிய கட்டடம் இது. பழைய கந்தகக் கிணற்றின் மேல், ஐசக் ஷட் வரைந்த திட்டப்படி, எண்கோண வடிவில், குவிமாடக் கூரையோடு 1842இல் திறக்கப்பட்டது. உள்ளே அமர்ந்து குடிக்க விரும்பியவர்கள் கட்டணம் செலுத்தினார்கள். கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்காகக் கட்டடத்தின் வெளிச்சுவரில் இலவசக் குழாய் ஒன்று வைக்கப்பட்டது. 1770ஆம் ஆண்டு விதி காகிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு அந்தக் குழாயே சான்று. அங்கே போகிறவர்கள் அதன் முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கூட்டம் பெருகியதால் 1913இல் இரும்பும் கண்ணாடியுமான கூடம் ஒன்று ஒட்டிக் கட்டப்பட்டது. 1926இல் ஒரே காலையில் 1,500 குவளை கந்தக நீர் வழங்கப்பட்ட நாளும் உண்டு. 1953 முதல் இது அருங்காட்சியகம். பழைய குளியல் கருவிகள், சக்கர நாற்காலிகள், ஊரின் ஆடை அணிகலன்கள், எகிப்தியப் பழம்பொருள்கள் ஆகியவை உள்ளே உள்ளன. கீழே கிணறு இன்றும் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைத்ததா?

கிடைத்தது. நன்கொடைகளைக் கொண்டு 1826இல் ஏழைகளுக்கான குளியல் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது; பிற்காலத்தில் அது ராயல் பாத் மருத்துவமனை எனப் பெயர் பெற்று 1994 வரை இயங்கியது.

கந்தக நீரை இன்றும் குடித்துப் பார்க்கலாமா?

இயலாது. பாதுகாப்பு விதிகளின் காரணமாகப் பம்ப் ரூமில் கந்தக நீர் இப்போது குடிக்கத் தரப்படுவதில்லை. மணத்தை மட்டும் நுகரலாம். கட்டடத்தை நெருங்கும்போதே அது தெரிந்துவிடும். கடைகளில் ஹாரோகேட் பெயரில் விற்கும் புட்டி நீர் சாதாரணக் குடிநீர்தான், கந்தக நீர் அல்ல.

துருக்கிக் குளியல் இன்றும் நடக்கிறதா?

நடக்கிறது. நகராட்சி பெரும் பொருட்செலவில் கட்டிய ராயல் பாத்ஸ் என்ற குளியல் மாளிகை 1897இல் கேம்பிரிட்ஜ் கோமகனால் திறக்கப்பட்டது. சேற்றுக் குளியல், நீராவிக் குளியல், மின்சாரச் சிகிச்சை என எத்தனையோ முறைகள் அங்கே இருந்தன. அவற்றில் இன்று எஞ்சியிருப்பது துருக்கிக் குளியல் பகுதி மட்டுமே. அந்த மாளிகையின் மற்றப் பகுதிகளில் இப்போது உணவகமும் மதுக்கூடமும் நடக்கின்றன.

உள்ளே நுழைந்தால் மூரிஷ் எனப்படும் வட ஆப்பிரிக்க இஸ்லாமியக் கட்டடப் பாணியில் குதிரைலாட வடிவ வளைவுகள், வண்ண மெருகிட்ட செங்கற்சுவர்கள், கற்சில்லுகள் பதித்து மெருகிட்ட டெராசோ தரை, ஓவியம் தீட்டிய கூரை ஆகியவை கண்ணைக் கவரும். மிதமான சூடு, அதிகச் சூடு, மிக அதிகச் சூடு என மூன்று அறைகள் ஒன்றையடுத்து ஒன்றாக உள்ளன. அவற்றில் அமர்ந்து வியர்த்து, குளிர்நீர்த் தொட்டியில் இறங்கி, மீண்டும் வெப்ப அறைக்குச் சென்று, முடிவில் குளிர்ந்த ஓய்வறையில் சாய்ந்திருப்பதே முறை. விக்டோரியா காலத்துத் துருக்கிக் குளியல் கூடங்களில் இவ்வளவு முழுமையாக நிலைத்திருப்பவை இங்கிலாந்தில் மிகச் சிலவே. முன்பதிவு செய்யாமல் செல்ல வேண்டாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி நேரங்களும் பொது நேரங்களும் உண்டு. குருதி அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே செல்ல வேண்டும்.

இங்கே வந்து தங்கிய புகழ்பெற்றவர்கள் யார்?

பட்டியல் நீளமானது, இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

1894இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டு இளவரசி அலிக்ஸ், இடுப்பிலிருந்து காலுக்குப் பரவும் நரம்பு வலிக்குச் சிகிச்சை பெற இங்கே வந்தார். அப்போது அவருக்கும் ரஷ்ய இளவரசர் நிக்கோலஸுக்கும் திருமண உறுதி நடந்திருந்தது. அவர் தங்கியிருந்த இல்லத்தின் தலைவிக்கு அந்த நாட்களில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. இளவரசி அக்குழந்தைகளுக்கு ஞானத்தாயாக நின்றார். ஆண் குழந்தைக்கு நிக்கோலஸ் என்றும் பெண் குழந்தைக்கு அலிக்ஸ் என்றும் பெயர் வைத்தார்கள். அவ்வாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசியான அவர், 1918இல் கணவரோடும் பிள்ளைகளோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிய ஊர் ஒன்றில் அவர் கழித்த அந்தச் சில வாரங்களைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

மற்றொருவர் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி. 1926 டிசம்பர் 3 இரவு அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார்; அவருடைய கார் சர்ரே பகுதியில் ஆளின்றிக் கண்டெடுக்கப்பட்டது. நாடு முழுவதும் தேடினார்கள். பதினோரு நாட்களுக்குப் பிறகு, டிசம்பர் 14 அன்று, ஹாரோகேட்டின் ஸ்வான் நீர்மருத்துவ விடுதியில் அவர் இருப்பது தெரிந்தது. விடுதியின் இசைக்குழுவில் பாஞ்சோ வாசித்தவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். நீல் என்ற குடும்பப் பெயரில் அவர் அங்கே பதிவு செய்திருந்தார். அது அவருடைய கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயர். என்ன நடந்தது என்பதைப் பற்றி அவர் தம் தன்வரலாற்று நூலில் எதுவும் எழுதவில்லை. அவ்விடுதி இன்று ஓல்டு ஸ்வான் என்ற பெயரில் இயங்குகிறது. ஆண்டுதோறும் ஜூலையில் குற்றப்புனைவு எழுத்தாளர் விழாவும் அங்கே நடைபெறுகிறது.

பார்வையற்ற சாலைப் பொறியாளர் ஒருவர் இவ்வூரோடு தொடர்புடையவராமே?

ஆம். அருகிலுள்ள நேர்ஸ்பரோவில் 1717இல் பிறந்த ஜான் மெட்காஃப், ஆறு வயதில் பெரியம்மையால் பார்வையை இழந்தார். வயலின் கற்றுக்கொண்டு, ஹாரோகேட் விடுதிகளில் வாசித்துப் பிழைத்தார். விடுதிக்காரர் ஒருவரின் மகளான டாரதி பென்சனுக்கு வேறொருவரோடு திருமணம் நடக்கவிருந்த நாளுக்கு முந்தைய இரவில், மெட்காஃபும் டாரதியும் ஊரைவிட்டுச் சென்று மணம் செய்துகொண்டார்கள். பிறகு சுங்கச் சாலைகள் அமைக்கும் ஒப்பந்தத் தொழிலில் இறங்கினார். கைத்தடியால் தட்டித்தட்டி நிலத்தின் தன்மையை அறிந்து, வடஇங்கிலாந்தில் ஏறத்தாழ 180 மைல் சாலை போட்டார்; சதுப்பு நிலத்தில் புதர்ச்செடிக் கட்டுகளைப் பரப்பி அதன்மேல் சாலையைத் தாங்கவைத்தது அவருடைய புகழ்பெற்ற உத்தி. 1810இல் மறைந்தார். சுனை நீரைத் தேடி வண்டிகள் வர வேண்டுமானால் சாலை வேண்டும் அல்லவா? ஆகவே இவரும் ஹாரோகேட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரே.

சுனை மருத்துவம் ஏன் நின்றது? நகரம் பிறகு எப்படிப் பிழைத்தது?

புதிய மருந்துகள் வந்தபின் மருத்துவர்கள் நோயாளிகளை ஊற்றுகளுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போரின்போது பெரிய விடுதிகளை அரசு எடுத்துக்கொண்டு, லண்டனிலிருந்து இடம்பெயர்ந்த அலுவலகங்களை அவற்றில் குடியேற்றியது. போருக்குப் பின் தேசிய நலவாழ்வுச் சேவை என்ற அரசு மருத்துவத் திட்டத்தின் நோயாளிகளே ராயல் பாத்ஸைத் தாங்கிநின்றார்கள். அந்த ஏற்பாடும் முடிந்து, 1969இல் மருத்துவச் சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன.

ஆனால் ஊரில் விடுதி அறைகள் நிறைய இருந்தன. அந்த அறைகளை நிரப்ப மாநாடுகளையும் வணிகக் கண்காட்சிகளையும் வரவழைத்தார்கள். 1982 ஏப்ரல் 24 அன்று ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப்போட்டி புதிய மாநாட்டு மையத்தில் நடந்தது. ஜெர்மனியின் பாடகி நிக்கோல் வென்றார். 1951 முதல் பெரிய யார்க்‌ஷயர் வேளாண் கண்காட்சியும் ஜூலைதோறும் இங்கேயே நடந்துவருகிறது.

ராயல் ஹால் பார்க்கத் தகுந்ததா?

இசையிலோ கட்டடக்கலையிலோ ஆர்வமுள்ளவர்கள் தவறவிடக்கூடாது. 1903இல் குர்சால் என்ற ஜெர்மானியப் பெயரோடு திறக்கப்பட்ட அரங்கம் இது. சுனைக்கு வந்தவர்களின் மாலைப் பொழுதுக்காகக் கட்டப்பட்டது. நாடக அரங்குகள் கட்டுவதில் பெயர்பெற்ற ஃபிராங்க் மேட்சம் வடிவமைப்பில் பங்குகொண்டார். முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மானிய வெறுப்பில் பெயர் மாற்றப்பட்டது. பழுதுபட்டு மூடிக்கிடந்த அரங்கம் சீரமைக்கப்பட்டு 2008இல் மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே எங்கு நோக்கினும் பொன் வேலைப்பாடு.

பூங்காக்கள் பற்றிச் சொல்லுங்கள்.

பம்ப் ரூமுக்கு எதிரிலேயே தொடங்கும் வேல்லி கார்டன்ஸ், ஊற்றுநீர் குடித்தவர்கள் நடப்பதற்காகவே வளர்க்கப்பட்ட பூங்கா. 1933இல் கட்டப்பட்ட சூரிய மண்டபமும் தூண்கள் நிறைந்த நடைகூடமும் அங்கே உள்ளன. நகருக்கு வெளியே ஹார்லோ கார் தோட்டம் உள்ளது. 1950இல் வடபகுதித் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கிய இத்தோட்டம், 2001 முதல் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்கும் பழைய கந்தக ஊற்றுகள் உண்டு. அவற்றுக்காகக் கட்டிய குளியல் வீடும் நிற்கிறது. ஓடைக்கரையோரம் பிரிமுலா பூக்கும் காலம் அத்தோட்டத்தின் மிக அழகிய காலம்.

ஹாரோகேட்டில் எதைச் சாப்பிட வேண்டும்?

ஃபாரா நிறுவனத்தின் டாஃபி முதலில் வருகிறது. வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்துச் செய்யும் இந்த மிட்டாய், கந்தக நீரின் சுவையை நாக்கிலிருந்து போக்குவதற்காகவே 1840இல் செய்யப்பட்டது. நீரைத் தருவது நிறுத்தப்பட்ட பின்னும் மிட்டாய் நீல வெள்ளி நிறத் தகர டப்பாவில் இன்றும் விற்பனையாகிறது.

அடுத்தது பெட்டீஸ் தேநீர் விடுதி. சுவிட்சர்லாந்திலிருந்து அநாதையாக வந்து, ஃபிரெடரிக் பெல்மான்ட் என்று பெயரை மாற்றிக்கொண்ட ரொட்டி, மிட்டாய்க் கலைஞர் ஒருவர் 1919இல் தொடங்கியது. பெட்டி யார் என்பது மட்டும் தெளிவாகவில்லை. 1962இல் இந்நிறுவனம் டெய்லர்ஸ் என்ற உள்ளூர்த் தேயிலை நிறுவனத்தை வாங்கியது. யார்க்‌ஷயர் டீ என்று உலகமெங்கும் விற்கும் தேயிலை அவர்களுடையதே. வரிசை நீளமாக இருக்கும். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே செல்வது நல்லது.

அருகில் வேறு என்ன உண்டு?

நேர்ஸ்பரோ ரயிலில் சில நிமிடப் பயணம். நிட் ஆற்றின் மேல் 1851இல் முடிக்கப்பட்ட உயர்ந்த கல்வளைவுப் பாலமும், குறிசொல்பவராகப் பேசப்படும் மதர் ஷிப்டன் என்ற பெண்ணின் பெயரிலான குகையும் அங்கே உள்ளன. குகையருகே வழியும் ஊற்றில் தாது உப்புகள் மிகுதியாக இருப்பதால், அதன் கீழே தொங்கவிடும் துணிப்பொம்மை சில மாதங்களில் கல்லாக உறைந்துவிடுகிறது. 1630 முதலே கட்டணம் வாங்கி இதைக் காட்டி வருகிறார்கள். வடக்கே, 1132இல் நிறுவப்பட்டு இன்று இடிபாடாக நிற்கும் ஃபவுன்டன்ஸ் துறவியர் மடம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அதற்கு ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும். அரைநாளில் பார்த்துவிட்டுத் திரும்புவது அந்த இடத்துக்குச் செய்யும் அநீதி.

எப்படிச் செல்வது? எந்தக் காலம் ஏற்றது?

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து நேரடி ரயில்கள் உண்டு. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். லீட்ஸ் அல்லது யார்க் வரை வந்தும் மாறிக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பூக்களின் காலம். ஜூலையில் கண்காட்சியும் விழாக்களும் இருப்பதால் விடுதி கிடைப்பது கடினம். எந்த மாதமானாலும் மழைக்கு ஆயத்தமாகச் செல்ல வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது?

காலையில் பம்ப் ரூம் அருங்காட்சியகத்தையும், மறவாமல் அதன் வெளிச்சுவர்க் குழாயையும் பார்த்துவிட்டு, எதிரிலுள்ள வேல்லி கார்டன்ஸ் வழியே போக்ஸ் ஃபீல்டு வரை நடக்கலாம். நண்பகலில் துருக்கிக் குளியல், பின்பு தேநீர். மாலையில் வெயில் சாயும்போது ஸ்ட்ரே புல்வெளியில் தெற்கு நோக்கி நடந்தால் தூண்கள் தாங்கிய சிறு குவிமாடம் ஒன்று தென்படும். அது முதலில் பள்ளத்திலிருந்த கந்தகக் கிணற்றின் மேல் நின்றது. 1842இல் பம்ப் ரூம் எழுந்தபோது, கழற்றி எடுத்து இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஸ்லிங்ஸ்பி சுவைத்த டியூவிட் கிணறு அதன் கீழேதான் இருக்கிறது.